நீர்த்தெள்ளு எப்படித் துடுப்பு வலிக்கிறது? பழனி மலைத்தொடரில் செய்துபார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

துடுப்பைப் பின்னே தள்ளுவது எளிது. அதைத் திருப்பி முன்னே கொண்டுவருவதுதான் கடினம். கொடைக்கானல் ஏரியில் படகு வலிப்பவர் துடுப்பைத் தண்ணீருக்குள் இழுத்துவிட்டு, மேலே தூக்கிக் காற்றின் வழியாக முன்னே கொண்டுபோகிறார். காற்று பெரிதாகத் தடுப்பதில்லை, படகு முன்னேறுகிறது. குளத்து நீரில் முழுதாக மூழ்கி வாழும் 2 மில்லிமீட்டர் ஓட்டுயிரான நீர்த்தெள்ளுக்கு (டாப்னியா) அந்த வசதி கிடையாது. எந்தத் தண்ணீரைத் தள்ளியதோ, அதே தண்ணீருக்குள்தான் உறுப்பைத் திருப்பியும் ஆகவேண்டும். உந்தும்போது கிடைத்த முன்னேற்றத்தைத் திருப்பும்போது இழக்காமல் இருக்க அது என்ன செய்கிறது?

இந்த வழிகாட்டி முழுவதும் அந்தக் கேள்வியைத் தொடர்ந்தே போகும். துடுப்புக் கால்களால் நீந்தும் சிற்றுயிர்களைப் பற்றிப் படிக்கும் பலர் உந்து வீச்சை, அதாவது தண்ணீரைத் தள்ளும் அசைவை மட்டும் பார்க்கிறார்கள். நான் கேட்டுக்கொள்வது, மீள் வீச்சை, அதாவது உறுப்பைத் திருப்பிக் கொண்டுவரும் அசைவைப் பாருங்கள் என்பதே. பாய்ம இயக்கவியலின் மிக அழகான பகுதி அங்கேதான் ஒளிந்திருக்கிறது. அதைக் காண ஆய்வுக்கூடம் வேண்டாம். மெதுவீடியோ எடுக்கும் கைபேசி, அதில் மாட்டும் சிறு உருப்பெருக்கி லென்ஸ், ஒரு டார்ச், ஒரு வெப்பமானி, ஒரு கண்ணாடித் தொட்டி ஆகியவை போதும்.

தொடங்குமுன் ஓர் எண்

பிளஸ் ஒன் இயற்பியலில் குழாய்க்குள் ஓடும் நீரைப் பற்றிப் படிக்கும்போது ரெனால்ட்ஸ் எண்ணைச் சந்தித்திருப்பீர்கள். 1883ஆம் ஆண்டில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் சாயம் விட்டுச் செய்த சோதனைகளிலிருந்து வந்தது அது. நமக்குத் தேவையான வடிவம் இது:

ரெனால்ட்ஸ் எண் = வேகம் × நீளம் ÷ தண்ணீரின் இயக்கப் பாகுநிலை

வேகத்தை விநாடிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்றும், நீளத்தை மில்லிமீட்டரிலும் எடுத்துக்கொண்டால், பாகுநிலை (திரவம் ஓட எவ்வளவு தயங்குகிறது என்பதன் அளவு) விநாடிக்கு இத்தனை சதுர மில்லிமீட்டர் என்று வரும். 20 டிகிரி செல்சியஸில் அதன் மதிப்பு ஏறக்குறைய 1.00. கணக்குப் போட இதைவிட வசதியான அலகு இல்லை.

இந்த எண் பெரிதாக இருந்தால், நகரும் பொருளின் நிலைமம் ஆட்சி செய்கிறது. உந்துவதை நிறுத்தினாலும் உடல் வழுக்கிக்கொண்டே போகும். எண் 1க்கு வெகுவாகக் கீழே போனால் தண்ணீரின் பாகுத்தன்மை ஆட்சி செய்கிறது; உந்துவதை நிறுத்திய இடத்திலேயே உடல் நின்றுவிடும். நீந்தும் மனிதரின் எண் லட்சங்களில் இருக்கும். பாக்டீரியாவின் எண் லட்சத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். நாம் பார்க்கப்போகும் உயிர்கள் இரண்டுக்கும் நடுவே, 1 முதல் 1000 சொச்சம் வரையிலான இடைவெளியில் வாழ்கின்றன. அங்கே நிலைமத்தையும் ஒதுக்க முடியாது, பாகுத்தன்மையையும் ஒதுக்க முடியாது. அதனாலேயே இது சுவையான களம்.

மலையில் இருப்பவர்களுக்கு இங்கே தனி வாய்ப்பு ஒன்று உண்டு. தண்ணீரின் இயக்கப் பாகுநிலை 30 டிகிரியில் 0.80, 20இல் 1.00, 15இல் 1.14, 10இல் 1.31. வத்தலக்குண்டில் 30 டிகிரியில் கிடக்கும் குளத்து நீரைவிட, கொடைக்கானலில் 10 டிகிரிக்குக் குளிர்ந்த தொட்டி நீர் 60 விழுக்காட்டுக்கும் மேல் பாகுத்தன்மை கூடியது. இதில் உயரத்துக்குப் பங்கில்லை, முழுக்க வெப்பநிலையின் வேலை. நமக்குக் கொஞ்சமும் தெரியாத இந்த வேறுபாட்டை, நீர்த்தெள்ளு ஒவ்வொரு வீச்சிலும் உணர்கிறது.

முதல் படி: எங்கே, எப்படிப் பிடிப்பது

பேரிஜம் ஏரிப் பக்கம் போகவேண்டாம். அது வனத்துறையின் பகுதி. அனுமதியில்லாமல் அங்கிருந்து எதையும் எடுக்கக்கூடாது. பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் பக்கங்களில் கேரட், உருளைக்கிழங்கு, பூண்டு பயிரிடும் தோட்டங்களில் தண்ணீர் தேக்கிவைக்கும் தொட்டிகளும் குழிகளும்தான் நமக்கு ஏற்ற இடம். தோட்டக்காரரிடம் கேட்டு எடுங்கள். மீன் விடாத, கொஞ்சம் பச்சை படர்ந்த, பல வாரமாக அசையாமல் கிடக்கும் தண்ணீராகப் பாருங்கள். மருந்தடிக்கும் கருவியைக் கழுவும் தொட்டியில் தேடுவது வீண். நீர்த்தெள்ளு பூச்சிக்கொல்லிகளைத் தாங்காது. அதனால்தான் இரசாயனங்களின் நச்சுத்தன்மையைச் சோதிக்க உலகெங்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள். அந்தச் சோதனையின் அளவுகோலே நீச்சல்தான்: பாத்திரத்தை மெல்ல அசைத்த பின் 15 விநாடிக்குள் நீந்தாத விலங்கு முடங்கியதாகக் கணக்கிடப்படும்.

விடிந்த பிறகு, வெயில் ஏறுமுன் போவது நல்லது. மெல்லிய நைலான் துணியை வளையத்தில் கட்டி, தண்ணீரில் எட்டு வடிவத்தில் நாலைந்து முறை ஓட்டுங்கள். அகன்ற வாய்க் கண்ணாடிப் புட்டியில் அந்தத் தொட்டித் தண்ணீரையே நிரப்பி, துணியை அதில் கவிழ்த்து அலசுங்கள். கொடைக்கானலில் சிறிய பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில்களுக்குத் தடை இருப்பதால் கண்ணாடியே மேல். வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கவும் அதுதான் வசதி. எடுத்த நேரத்தில் தண்ணீரின் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் கணக்கு முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது.

புட்டியில் மூன்று வகை உயிர்களைத் தேடுங்கள். துள்ளித் துள்ளி மேலேறி, இடையிடையே மெல்லத் தாழ்பவை நீர்த்தெள்ளுகள். திடீரென்று காணாமற்போய் வேறோர் இடத்தில் தோன்றும் வெண்புள்ளிகள் சைக்ளாப்ஸ். நரம்புச் சிலந்தி நோயைத் தண்ணீரின் வழியே மனிதருக்குக் கொண்டுவந்தவை இந்த இனத்தைச் சேர்ந்தவையே. அவை ஒரு மில்லிமீட்டர் அளவில் இருந்ததால்தான், குடிநீரைத் துணியில் வடிகட்டும் எளிய பழக்கம் அந்த நோயைத் தடுத்தது. 2000ஆம் ஆண்டில் இந்தியா அந்நோய் அற்ற நாடாகச் சான்று பெற்றது. மூன்றாவது, மல்லாந்தபடி நீண்ட பின்னங்கால்களால் துடுப்பு வலிக்கும் பூச்சி. இதைக் கையால் எடுக்காதீர்கள். குத்தினால் நன்றாக வலிக்கும். வடிகட்டியால் கோரி, தனிப் புட்டியில் போடுங்கள். சேர்த்துவைத்தால் மற்றவற்றைத் தின்றுவிடும்.

இரண்டாம் படி: தொட்டியும் வெளிச்சமும்

கண்ணாடிக் கடையில் வெட்டிய சிறு துண்டுகளைச் சிலிக்கான் பசையால் ஒட்டி, 6 சென்டிமீட்டர் அகலமும் உயரமும், 2 சென்டிமீட்டர் கனமும் உள்ள தொட்டி ஒன்று செய்துகொள்ளுங்கள். பசையின் புளித்த வாசனை முற்றிலும் போகும்வரை காயவிட்டு, பலமுறை கழுவுங்கள். விலங்கு எப்போதும் குவியத்தில் இருக்கட்டும் என்று தொட்டியை இன்னும் ஒடுக்கமாகச் செய்யத் தோன்றும். செய்யவேண்டாம். ரெனால்ட்ஸ் எண் குறையக் குறையச் சுவரின் பிடி வெகுதூரம் எட்டும். சுவர் அருகே நீந்தும் விலங்கு கூடுதல் தடையைச் சந்திக்கும். உடல் நீளத்தைப்போல் பத்து மடங்கு இடைவெளி இருந்தால் நிம்மதி.

வெளிச்சத்தில்தான் வெற்றி தோல்வி இருக்கிறது. தொட்டிக்குப் பின்னால் கறுப்புத் தாள் வையுங்கள். எல்இடி டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து அடியுங்கள். கறுப்புப் பின்னணியில் உடலும் அதன் நுண்மயிர்களும் வெள்ளியாக மின்னும். நேர் எதிரிலிருந்து வெளிச்சம் அடித்தால் மயிர்கள் தெரியவே தெரியா. டார்ச் தண்ணீரைச் சூடாக்கும் என்பதால் படமெடுக்கும்போது மட்டும் எரியட்டும்.

கைபேசியைத் தாங்கியில் இறுக்குங்கள். விநாடிக்கு 240 படம் எடுக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். 120 இருந்தாலும் நீர்த்தெள்ளுக்குப் போதும். 960 என்று விளம்பரம் செய்யும் சில கைபேசிகள் இடைப்படங்களைத் தாமாகவே புனைந்து நிரப்புகின்றன. அளவெடுக்கும் வேலைக்கு அவை உதவா. அளவுகோலுக்குத் தொட்டியின் பின்சுவரில் வரைபடத்தாளை ஒட்டுவது தவறு. அது விலங்கைவிடத் தொலைவில் இருப்பதால் சிறிதாகத் தெரியும். விலங்கு நீந்தும் ஆழத்திலேயே ஸ்டீல் ஸ்கேலை இறக்கி ஒரு படம் எடுத்துவிடுங்கள். அதன் பின் குவியத்தை மாற்றக்கூடாது.

மூன்றாம் படி: நீர்த்தெள்ளின் ஒரு வீச்சு

ஒரே ஒரு விலங்கைச் சொட்டுக்குழாயால் எடுத்துத் தொட்டியில் விடுங்கள். குழாயின் நுனியைத் தண்ணீருக்குள் வைத்தே அழுத்துங்கள். அதன் ஓட்டுக்குள் காற்றுக்குமிழி சிக்கினால் மேற்பரப்பிலேயே மிதந்து கிடக்கும். சில நிமிடம் அமைதியாக விட்டபின் படமெடுங்கள்.

முதலில் ஓர் எச்சரிக்கை. ஒளி ஊடுருவும் ஓட்டுக்குள் கால்கள் ஓயாமல் துடிப்பது தெரியும். அவை நீந்தும் கால்கள் அல்ல. தண்ணீரை உள்ளிழுத்து உணவை வடிகட்டும் கால்கள். நீந்துவது தலையின் இரு பக்கமும் கிளைபிரிந்து நிற்கும் இரண்டாம் இணை உணர்கொம்புகளால் மட்டுமே.

டிராக்கர் என்னும் இலவச மென்பொருளில் வீடியோவைத் திறந்து, விலங்கின் கண்ணைப் படத்துக்குப் படம் சொடுக்கிக் குறியுங்கள். கரும்புள்ளியாக இருப்பதால் கண்ணைவிட நல்ல அடையாளம் இல்லை. மெதுவீடியோக் கோப்பு பல வேளைகளில் 30 என்ற கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். மென்பொருளில் 240 என்று திருத்தாவிட்டால் வேகம் எட்டில் ஒரு பங்காக வந்துவிடும். விலங்கு பக்கவாட்டில் திரும்பி, முழு வீச்சும் தெளிவாகத் தெரியும் துண்டுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்தில் ஒன்பது துண்டுகள் தேறாமல் போவது இயல்பு.

கண்ணின் நிலையை நேரத்துக்கு எதிராக வரைந்தால் படிக்கட்டு போன்ற கோடு கிடைக்கும். கொம்பு கீழ்நோக்கி வீசும்போது உடல் ஏறுகிறது. கொம்பு மேலே திரும்பும்போது உடல் தயங்குகிறது, சில வேளைகளில் சற்றுப் பின்வாங்குகிறது. ஏறியது எவ்வளவு, இழந்தது எவ்வளவு என்று தனித்தனியாக அளந்து எழுதுங்கள். நாம் தேடும் விடையின் முதல் எண் இதுதான்.

இனி ரெனால்ட்ஸ் எண். எடுத்துக்காட்டாக, 2 மில்லிமீட்டர் விலங்கு விநாடிக்கு 8 மில்லிமீட்டர் சராசரி வேகத்தில் 12 டிகிரித் தண்ணீரில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வெப்பநிலையில் பாகுநிலை 1.24. எண் ஏறக்குறைய 13. இதே வேகத்தில் 30 டிகிரித் தண்ணீரில் போனால் 20. அந்தக் கொம்பிலுள்ள ஒரு மயிருக்குத் தனியாகப் போட்டுப் பாருங்கள்: தடிமன் 0.005 மில்லிமீட்டர், வீசும் வேகம் விநாடிக்கு 40 மில்லிமீட்டர் என்றால் எண் வெறும் 0.16. ஒரே விலங்கின் உடல் ஒரு பாய்ம உலகத்திலும், அதன் மயிர் இன்னோர் உலகத்திலும் இருக்கின்றன. இதை விளங்கிக்கொண்டால் பாதி தூரம் வந்துவிட்டீர்கள்.

நான்காம் படி: மீள் வீச்சைப் பார்ப்பது

வேகமாகத் தள்ளி மெதுவாகத் திருப்பினால் முன்னேறலாமே என்று தோன்றும். பெரிய உலகில் அது சரி. அங்கே தடை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடும். இரண்டு மடங்கு வேகத்துக்கு நான்கு மடங்கு தடை. எனவே வேகமான உந்தலின் பலன் மெதுவான திருப்பலின் இழப்பை விஞ்சும். மிகச் சிறிய உலகில் தடை வேகத்துக்கு நேர்விகிதம். இரண்டு மடங்கு வேகத்தில் பாதி நேரம் தள்ளினாலும், மெதுவாக முழு நேரம் திருப்பினாலும் கணக்குச் சரியாகக் கழிந்து சுழியமாகிவிடும். 1952இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற எட்வர்ட் பர்செல், 1977இல் வெளியான புகழ்பெற்ற கட்டுரையில் இதை விளக்கினார்: நிலைமம் அற்ற உலகில், சென்ற பாதையிலேயே திரும்பி வரும் எந்த அசைவும் உடலை நகர்த்தாது. திறந்து மூடுவதைத் தவிர வேறு தெரியாத சிப்பியை அவர் எடுத்துக்காட்டியதால் அது சிப்பித் தேற்றம் என்றே பெயர் பெற்றது.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு சோதனை உண்டு. நேர்ச்சுவருள்ள கண்ணாடிப் பாத்திரத்தின் நடுவே, அதைவிடச் சிறிய நேர்ச்சுவர்க் குவளையை நிறுத்துங்கள். இடைவெளியில் மருந்துக்கடையில் கிடைக்கும் கிளிசரினையோ, கேக் சாமான்கள் விற்கும் கடையில் கிடைக்கும் லிக்விட் குளுக்கோஸையோ நிரப்புங்கள். அதே திரவத்தில் சாயம் கலந்து, சிரிஞ்சால் நடுவே ஒரு பொட்டு வையுங்கள். உள்குவளையை மிக மெதுவாக இரண்டு சுற்றுச் சுற்றினால் பொட்டு இழுபட்டுக் கரைந்துபோனதாகவே தோன்றும். இப்போது எதிர்ப்பக்கம் அதே இரண்டு சுற்று. பொட்டு பழைய இடத்தில் மீண்டும் கூடிவரும். பள்ளி மாணவர்களுக்குக் காட்டுபவர்கள் இதைத் தவறவிடவே கூடாது. சூத்திரம் எழுதிப் புரியவைக்க முடியாததை இந்தப் பொட்டு புரியவைத்துவிடும். தண்ணீரில் செய்தால் சாயம் கலைந்தது கலைந்ததுதான்.

நீர்த்தெள்ளின் எண் 13 என்பதால் இந்தத் தேற்றம் அதை முழுதாகக் கட்டிப்போடாது. நிலைமத்தின் உதவியும் கொஞ்சம் கிடைக்கிறது. ஆனால் அதை மட்டும் நம்பினால் நீந்த முடியாது. எனவே போகும்போது ஒரு வடிவம், வரும்போது வேறொரு வடிவம் என்று கொம்பையே மாற்றிக்கொள்கிறது. வீடியோவில் உந்து வீச்சின் நடுப்படம் ஒன்றையும், மீள் வீச்சின் நடுப்படம் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதல் படத்தில் மயிர்கள் விசிறியாக விரிந்திருக்கும். இரண்டாவதில் கிளையோடு ஒட்டிப் பின்னே படுத்திருக்கும். கொம்பும் உடலை ஒட்டி மடங்கி மேலேறும். கொம்பு நுனி செல்லும் பாதையைக் குறித்தால், போன வழியும் வந்த வழியும் ஒன்றாக இராமல் ஒரு வளையம் உருவாகும்.

மடங்குவதால் என்ன கிடைக்கிறது? மெல்லிய கம்பியைப் பாகு போன்ற திரவத்தில் குறுக்கே இழுத்தால் வரும் தடை, நீளவாக்கில் இழுத்தால் வருவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதற்கு மேல் போகாது. ஆகவே கொம்பைத் திருப்பிப் பிடிப்பது மட்டும் பெரிய ஆதாயம் தராது. மயிர்களின் வேலை அங்கேதான் வருகிறது.

சீப்பின் பற்களைப்போல் இடைவெளி விட்டு நிற்கும் மயிர்களுக்கு நடுவே தண்ணீர் ஓடிவிடாதா? மயிர் ஒன்றின் எண் 1க்கு மிகக் கீழே இருந்தால், ஒவ்வொரு மயிரும் தன்னைச் சுற்றி, தன் தடிமனைவிடப் பல மடங்கு அகலத்துக்குத் தண்ணீரைத் தன்னோடு இழுத்துச் செல்கிறது. அடுத்தடுத்த மயிர்களின் தண்ணீர் உறைகள் ஒன்றையொன்று தொட்டுவிடுகின்றன. நடுவில் ஓடத் தண்ணீருக்கு வழியில்லை. பார்ப்பதற்குச் சல்லடை, தள்ளும்போது பலகை. எண் 1ஐ நெருங்கும்போது உறைகள் மெலிந்து, பலகை மறுபடியும் சல்லடையாகிறது. கலிபோர்னியாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் மிமி கோல், ஏஞ்சலா சியர் இருவரும் 1987இல் கணக்கிட்டுக் காட்டியது இது. பாதி இடம் வெறுமையாக இருக்கும் துடுப்பு முழுத் துடுப்பின் வேலையைச் செய்கிறது. திரும்பும்போது அந்த மயிர்கள் படுத்துவிடுவதால் பலகையே இல்லாமற்போகிறது. பள்ளி நுண்ணோக்கி கிடைத்தால் கொம்பின் மயிர்த் தடிமனையும் இடைவெளியையும் அளந்து, இதை உங்கள் விலங்குக்கே கணக்கிட்டுப் பாருங்கள்.

ஐந்தாம் படி: மல்லாந்து நீந்தும் பூச்சியோடு ஒப்பிடுவது

10 மில்லிமீட்டர் பூச்சி விநாடிக்கு 150 மில்லிமீட்டர் வேகத்தில் போனால், 12 டிகிரித் தண்ணீரில் அதன் எண் 1200ஐத் தாண்டும். இதற்குச் சற்றுப் பெரிய தொட்டி வேண்டும். மேலே வலைத்துணி போடாவிட்டால் பறந்துவிடும்.

இரண்டு உயிர்களிடமும் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: வீச்சு நின்ற பின் எவ்வளவு தூரம் போகிறாய்? நீர்த்தெள்ளு ஏறக்குறைய ஓர் உடல் நீளத்துக்குள் நின்றுவிடும். பூச்சியோ இரு கால்களையும் ஒருசேர வலித்துவிட்டுப் பல உடல் நீளத்துக்கு வழுக்கிக்கொண்டு போகும். மீள் வீச்சை அது அந்த வழுக்கலின்போதே முடித்துக்கொள்கிறது. காலின் மயிர் விளிம்பு உந்தும்போது விரிவதும் திரும்பும்போது மடிவதும் இதற்கும் உண்டு. கூடவே உந்து வீச்சுக்கும் மீள் வீச்சுக்கும் ஆகும் நேரத்தைப் படங்களை எண்ணிக் கண்டறியுங்கள். வேக வேறுபாட்டால் ஆதாயம் பெறுவது இந்தப் பூச்சிக்குக் கைகொடுக்கும் உத்தி.

சைக்ளாப்ஸின் பாய்ச்சலைக் கைபேசியில் முழுமையாகப் பிடிக்க முடியாது. 240 என்ற வேகத்தில் இரண்டு படங்களுக்கு நடுவே 4 மில்லிவிநாடிக்கு மேல் போய்விடுகிறது. ஒரு காலின் வீச்சு அதற்குள் முடிந்துவிடும். பாய்ந்த தூரத்தை மட்டும் அளக்கலாம். இந்த இனத்தில் சில விநாடிக்குப் பல நூறு உடல் நீளம் என்ற வேகத்தை எட்டுகின்றன. கால்கள் பின்னாலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக உந்துகின்றன. திரும்பும்போது எல்லாம் சேர்ந்து ஒரே கட்டாகத் திரும்புகின்றன. இங்கேயும் போக்குக்கும் வரவுக்கும் வடிவம் வேறு.

ஆறாம் படி: வளர வளர மாறும் நீச்சல்

மீன்தொட்டிக் கடைகளில் ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர் இறாலின் முட்டைகள் கிடைக்கும். லிட்டருக்கு 30 கிராம் உப்புப் போட்ட தண்ணீரில், 28 டிகிரி வெப்பத்தில், காற்றுக் குழாய் விட்டால் ஒன்றிரண்டு நாளில் பொரிக்கும். கொடைக்கானல் குளிரில் இது நடக்காது. குண்டு பல்பு ஒன்றைப் பக்கத்தில் எரியவிடுங்கள். பேக்கரி ஈஸ்ட் கரைசலைத் தண்ணீர் மிக லேசாகக் கலங்கும் அளவுக்கு மட்டும் உணவாகக் கொடுங்கள்.

பொரித்த குஞ்சு அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அதன் எண் 1ஐ ஒட்டியே இருக்கும். உணர்கொம்புகளால் துடுப்பு வலித்து, ஒவ்வொரு மீள் வீச்சிலும் தெளிவாகப் பின்வாங்கி, முன்னும் பின்னுமாகத் துடித்தபடி போகும். வாரங்கள் செல்லச் செல்ல மார்புக் கால்கள் முன்னிருந்து பின்னாக ஒவ்வோர் இணையாக முளைக்கும். முழு வளர்ச்சியில் 11 இணைகள். அப்போது கொம்புகள் நீந்தும் வேலையை விட்டுவிடும். ஆணில் அவை பெண்ணைப் பற்றும் உறுப்பாகவே மாறிவிடும்.

கால்கள் கூடியதும் நீச்சல் சீராகிறது. வீடியோவில் கடைசி இணையிலிருந்து முதல் இணை நோக்கி அலை ஓடுவதைப் பார்க்கலாம். பின்கால் தொடங்க, அதற்கு முன்கால் சற்றுத் தாமதித்துத் தொடர்கிறது. இந்தத் தாமதத்துக்கு இரண்டு பலன்கள். எந்த நொடியிலும் சில கால்கள் உந்திக்கொண்டே இருப்பதால் உடல் பின்வாங்க நேரமில்லை. அலை பின்னிருந்து முன்னே ஓடுவதால், உந்தும் கால்கள் ஒன்றுக்கொன்று விலகி நின்று நிறையத் தண்ணீரைத் தள்ளுகின்றன. திரும்பும் கால்கள் நெருங்கி ஒன்றின் மறைவில் இன்னொன்று வருகின்றன. ஆற்று இறாலின் வயிற்றடிக் கால்களிலும், அண்டார்க்டிக் கடலில் வாழும் கிரில் என்னும் சிற்றிறால் போன்ற உயிரிலும் இதே அலைதான். அடுத்தடுத்த இரண்டு கால்களின் தொடக்கத்துக்கு நடுவே எத்தனை படம் கழிகிறது என்று எண்ணி, ஒரு முழு வீச்சின் படங்களால் வகுத்தால் தாமத விகிதம் கிடைக்கும்.

ஏழாம் படி: குளிரா, பாகா?

கடைசிச் சோதனை, மலைக்கென்றே அமைந்தது. நீர்த்தெள்ளு இருக்கும் தண்ணீரை 20 டிகிரியில் ஒருமுறையும், இரவுக் குளிரில் 10 டிகிரிக்கு இறங்கியபின் ஒருமுறையும் படமெடுங்கள். வெப்பநிலை மெதுவாக இறங்கட்டும்; ஐஸ் போடவேண்டாம். குளிரில் வீச்சுகள் குறையும். ஆனால் அதற்குத் தண்ணீரின் பாகுநிலை கூடியது காரணமா, தசை குளிர்ந்தது காரணமா என்று இந்த ஒரு சோதனை சொல்லாது.

இரண்டையும் பிரிக்க, வெப்பநிலையை 20 டிகிரியிலேயே வைத்துப் பாகுநிலையை மட்டும் கூட்டவேண்டும். உயிரியல் ஆய்வுக்கூடங்களில் இதற்கு மெத்தில் செல்லுலோஸ் பயன்படுத்துவார்கள். சிறிதளவைத் தனியே கரைத்து, தொட்டித் தண்ணீரோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துகொண்டே போங்கள். பாகுநிலையை அளக்க, பிஸ்டன் கழற்றிய சிரிஞ்சில் மெல்லிய ஊசி மாட்டிச் செங்குத்தாக நிறுத்தி, ஒரு கோட்டிலிருந்து இன்னொரு கோட்டுக்குத் திரவம் தானாக வடியும் நேரத்தைப் பாருங்கள். அதே வெப்பநிலையில் வெறும் தண்ணீர் வடிந்த நேரத்தைப்போல் இது எத்தனை மடங்கோ, பாகுநிலையும் ஏறக்குறைய அத்தனை மடங்கு. 20 டிகிரித் தண்ணீர் 10 டிகிரித் தண்ணீரைப்போல் ஆக அது 1.3 மடங்கானால் போதும்.

இப்போது மூன்று வீடியோக்கள் கையில் இருக்கும்: வெதுவெதுப்பான தண்ணீர், குளிர்ந்த தண்ணீர், பாகு கூட்டிய வெதுவெதுப்பான தண்ணீர். மூன்றிலும் விநாடிக்கு எத்தனை வீச்சு, ஒரு வீச்சில் எவ்வளவு ஏற்றம், மீள் வீச்சில் எவ்வளவு இழப்பு என்று அட்டவணை போடுங்கள். மூன்றாவதன் எண்கள் முதலாவதை ஒத்திருந்தால், குளிரில் கண்ட மாற்றம் தசையின் வேலை. இரண்டாவதை நோக்கி நகர்ந்தால் அந்த நகர்வு தண்ணீரின் வேலை. வீச்சு எண்ணிக்கை ஒரு பக்கமும், மீள் வீச்சின் இழப்பு இன்னொரு பக்கமும் சாயலாம். ஆகவே மூன்று எண்களையும் சேர்த்துச் சராசரி போடாமல் தனித்தனியாகவே ஒப்பிடுங்கள். ஒரே விலங்கை மூன்றுக்கும் பயன்படுத்தினால் ஒப்பீடு வலுவாக இருக்கும். பாகு கூட்டிய தண்ணீரில் இருந்ததை நல்ல தண்ணீரில் அலசி, எந்தத் தொட்டியிலிருந்து எடுத்தீர்களோ அதே தொட்டியில் விடுங்கள். வேறு நீர்நிலையில் விடுவது நோயையும் களையையும் இடம் மாற்றும். ஆர்ட்டீமியாவை எந்த நீர்நிலையிலும் விடவே கூடாது.